அவசர சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் எதைத் தரும், எதைத் தராது

கையில் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள்கூட அவசரப் பிரிவு வாசலில் தயங்கி நிற்பதுண்டு. இந்த மருத்துவமனை நம் பாலிசியில் வருமா, முதலில் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாமா என்று யோசிப்பார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யோசிக்க வேண்டிய விஷயம் இதுவல்ல. சிகிச்சை கிடைக்குமா என்பது ஒரு கேள்வி, பணத்தை யார் கட்டுவது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அந்தத் தயக்கம் வருகிறது.

முதல் கேள்விக்குப் பல நாடுகளில் சட்டமே பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1986-இல் வந்த ‘எம்டாலா’ சட்டம், மெடிகேர் என்ற, முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் பணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. முதலில் பரிசோதிக்க வேண்டும், அவசர நிலை என்று தெரிந்தால் அதைச் சீராக்க வேண்டும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தந்த தீர்ப்பும் இதே திசையில்தான் போகிறது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பது அவர் கடமை, போலீஸ் நடைமுறைகளுக்காக அதைத் தாமதிக்கக் கூடாது.

ஆனால் இந்தச் சட்டங்கள் எதுவும் சிகிச்சை இலவசம் என்று சொல்லவில்லை. பில் பின்னால் வரும். காப்பீட்டின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. மீதிக் கட்டுரை முழுக்க அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

அதற்குச் சுருக்கமான பதில்: அவசரம் என்ற நிலை, பாலிசியின் சில விதிகளை மட்டும் தளர்த்துகிறது. மற்ற விதிகள் நடுராத்திரியிலும் அப்படியே நிற்கும். தளர்ந்த விதிகளும் நோயாளியின் நிலை சீரானதும் திரும்பி வந்துவிடும். எந்த விதி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டாலே பெரும்பாலான அதிர்ச்சிகளைத் தவிர்த்துவிடலாம்.

அவசரம் என்று யார் முடிவு செய்வது?

நெஞ்சுவலி வருகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. மாரடைப்பு என்று பயந்து ஓடுகிறீர்கள். ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். கடைசியில் வாயுத் தொல்லை என்கிறார்கள். இது அவசரமா, இல்லையா?

அறிகுறியை வைத்துப் பார்த்தால் அவசரம்தான். இறுதியில் கண்டுபிடித்த நோயை வைத்துப் பார்த்தால் இல்லை. காப்பீட்டு உலகின் பழைய சண்டைகளில் இது ஒன்று. அமெரிக்காவில் 1990-களில் இதற்கு ஒரு அளவுகோல் கொண்டுவந்தார்கள். மருத்துவம் படிக்காத, சாதாரண விவரமுள்ள ஒருவர் அந்த அறிகுறிகளைப் பார்த்தால் உடனே சிகிச்சை தேவை என்று நினைப்பாரா? நினைப்பார் என்றால் அது அவசரம். கடைசியில் வாயு என்று தெரியவந்தாலும் முடிவு மாறாது. 1997-இல் மெடிகேர் திட்டத்துக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு திட்டத்துக்கும், 2010-இன் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் பெரும்பாலான தனியார் காப்பீடுகளுக்கும் இந்த அளவுகோல் வந்தது.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தந்திருக்கும் பொது வரையறையும் அறிகுறியிலிருந்துதான் தொடங்குகிறது: திடீரென்று, எதிர்பாராமல் தோன்றும் அறிகுறிகள், உயிரிழப்பையோ நீண்டகாலக் கடும் பாதிப்பையோ தடுக்க உடனடி மருத்துவ கவனிப்பு தேவைப்படும் நிலை.

வரையறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளெய்மைப் பரிசீலிப்பவர் உங்களை நேரில் பார்ப்பதில்லை, அவர் முன்னால் இருப்பது காகிதம் மட்டுமே. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வாயுத் தொல்லை’ என்று மட்டும் இருந்தால் அவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். அதனால் அவசரப் பிரிவில் முதலில் எழுதப்படும் குறிப்பு மிக முக்கியம்: எந்தத் தொந்தரவோடு வந்தார், அது எப்போது தொடங்கியது, எவ்வளவு கடுமையாக இருந்தது. ‘வயிறு சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இரண்டு மணி நேரமாக நெஞ்சில் அழுத்தம், இடது கைக்குப் பரவுகிறது, வியர்க்கிறது’ என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் மருத்துவருக்கும் உதவும், பின்னால் கிளெய்முக்கும் உதவும். மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

இதே இடத்தில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. மருத்துவர் கேட்கும்போது கூட வந்தவர் பதற்றத்தில், “பத்து வருஷமா பிரஷர் இருக்கு டாக்டர்” என்று சொல்லிவிடுவார். உண்மையில் மூன்று வருடமாகத்தான் இருக்கும். ஆனால் கேஸ் ஷீட்டில் பத்து வருடம் என்று பதிவாகிவிடும். பாலிசி எடுத்து நான்கு வருடம்தான் ஆகிறது என்றால், பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டார்கள் என்று நிறுவனம் சொல்ல அந்த ஒரு வரி போதும். மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது, அது உயிரோடு விளையாடுவது. துல்லியமாகச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். தவறாகப் பதிவாகியிருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவரிடம் காட்டித் திருத்தக் கேளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு திருத்தினால் கிளெய்முக்காக மாற்றியதாகத்தான் தோன்றும்.

அவசரம் தளர்த்தும் விதிகள்

பெரியது முன்அனுமதி. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அவசரத்தில் அது தேவையில்லை. சேர்த்த பிறகு தகவல் சொன்னால் போதும். எவ்வளவு நேரத்துக்குள் என்பது பாலிசியில் இருக்கும். இந்தியப் பாலிசிகளில் 24 மணி நேரம் என்பது பரவலாகக் காணப்படும் கெடு. நோயாளி மயக்கத்தில் இருக்கலாம், ஆகவே குடும்பத்தில் இன்னொருவருக்கும் பாலிசி எண்ணும் உதவி எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். போன் செய்தால் அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தகவலே வரவில்லை என்று பின்னால் யாராவது சொன்னால் அந்த எண்தான் பதில்.

அடுத்தது நெட்வொர்க். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு அவசரத்தில் தளரும், ஆனால் எப்படித் தளர்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டத்தின்படி, நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள மருத்துவமனையில் அவசர சிகிச்சை பெற்றாலும் நெட்வொர்க்கில் கட்டியிருக்கும் பங்கைத்தான் நோயாளி கட்ட வேண்டும். மீதியை மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு, நெட்வொர்க் மருத்துவமனைக்கே போயிருந்தாலும் மயக்க மருந்து கொடுத்தவர் நெட்வொர்க்கில் இல்லை என்று தனியாக ஒரு பெரிய பில் வந்து நிற்கும். மயங்கிக் கிடப்பவர் மருத்துவரின் ஒப்பந்தத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த முறை அது. அதைச் சட்டம் போட்டு நிறுத்த இவ்வளவு காலம் ஆனதுதான் ஆச்சரியம்.

இந்தியாவில் வேறுபாடு பெரும்பாலும் பணம் போகும் வழியில்தான். நெட்வொர்க் மருத்துவமனை என்றால் கேஷ்லெஸ்: நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும். வெளியே என்றால் பொதுவாக நீங்கள் கட்டிவிட்டு, அப்புறம் அசல் பில்களைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கை வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜின்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் விதித்தது. மூன்று மணி நேரத்தைத் தாண்டி, அதனால் மருத்துவமனை கூடுதலாகக் கட்டணம் போட்டால் அதை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இதைச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளெய்மே மறுக்கப்பட்டதாக ஆகாது. போதிய தகவல் இல்லை, கூடுதல் ஆவணம் வேண்டும் என்ற காரணங்களுக்காகவும் கேஷ்லெஸை மறுப்பார்கள். பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். இது தெரியாமல் முழுச் செலவையும் தலையில் போட்டுக்கொண்டு, கிளெய்மே போடாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு.

அவசரம் தொடாத விதிகள்

காத்திருப்புக் காலத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பாலிசிகளில் முதல் 30 நாட்களுக்கு நோய்களுக்குக் காப்பு கிடையாது. விபத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. ஏற்கெனவே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம் வரை போகலாம். ஹெர்னியா (குடலிறக்கம்) போன்ற சில நோய்களுக்கு எனத் தனிக் காத்திருப்பும் இருக்கும். அந்தக் காலம் முடிவதற்குள் ஒரு நாள் குடல் சிக்கிக்கொண்டு, உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தால்? மருத்துவ ரீதியாக அதைவிட அவசரம் இருக்க முடியாது. ஆனாலும் காத்திருப்பு காத்திருப்புதான். அவசரம் என்ற சொல்லுக்கு அந்த விதியை உடைக்கும் சக்தி இல்லை.

உங்கள் பங்கும் அப்படியே இருக்கும். டிடக்டிபிள் என்பது நிறுவனம் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை. கோ-பே என்பது அதற்குப் பிறகும் உங்கள் தலையில் விழும் சதவீதம். பில் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். டிடக்டிபிள் 20,000 என்றால் மீதி 80,000. அதில் கோ-பே 20 சதவீதம் என்றால் 16,000. ஆக நீங்கள் கட்டுவது 36,000, நிறுவனம் கட்டுவது 64,000. பிரீமியம் குறைவு என்று வாங்கிய பாலிசி பெரும்பாலும் இந்த இரண்டு எண்களில்தான் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

அறை வாடகை வரம்பு இன்னும் நைசாக வேலை செய்யும். இந்தியப் பாலிசிகள் பலவற்றில் இது உண்டு. வரம்பு நாளொன்றுக்கு 5,000 என்றிருக்க, அவசரத்தில் கிடைத்த 10,000 அறையில் சேர்த்துவிடுகிறீர்கள். வித்தியாசமான 5,000-ஐ மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்று நினைப்போம். அப்படி இல்லை. அறையோடு ஏறி இறங்கும் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், ஐ.சி.யு. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் பிறகு சொல்லிவிட்டது என்பது ஓரளவு ஆறுதல். அதனால் ஐ.சி.யு.-விலிருந்து வார்டுக்கு மாற்றும் நேரத்தில், எந்த அறை என்று மருத்துவமனை கேட்கும்போது வரம்பைச் சொல்லி அதற்குள் அடங்கும் அறையைக் கேளுங்கள். முதல் சில மணி நேரங்களில் உங்களுக்குத் தேர்வு இருந்திருக்காது, இப்போது இருக்கிறது.

ஒரு இரவு மட்டும் தங்கினால்?

எனக்குத் தெரிந்து அதிகமாகக் குழப்பம் தருவது இந்தப் பகுதிதான். அவசரப் பிரிவுக்குப் போய், ஊசி போட்டு, நான்கு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதற்குக் காப்பு உண்டா?

மருத்துவமனையில் சேர்வதை மையமாக வைத்து எழுதப்பட்ட பாலிசி என்றால் பெரும்பாலும் இல்லை. இந்தியப் பாலிசிகளில் மருத்துவமனையில் சேர்ப்பு என்றால் தொடர்ந்து 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருப்பது. ஒரு நாளுக்குள் முடியும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு ‘டே கேர்’ என்ற பெயரில் இந்த 24 மணி நேர விதியிலிருந்து விலக்கு உண்டு. தையல் போட்டு அனுப்புவது, டிரிப்ஸ் ஏற்றி அனுப்புவது எல்லாம் வெளிநோயாளிக் காப்பு தனியாக வாங்கியிருந்தால்தான் வரும்.

சரி, 24 மணி நேரம் தாண்டிவிட்டது. அப்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. பரிசோதனைக்காக மட்டுமே சேர்ந்திருந்தால் அந்தச் செலவு கிடையாது என்று ஒரு பொது விலக்கு உண்டு. நெஞ்சுவலியோடு வந்து, ஓரிரவு கண்காணிப்பில் வைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மறுநாள் அனுப்பினால், ‘பரிசோதனை மட்டுமே நடந்தது, சிகிச்சை எதுவும் இல்லை’ என்று மறுப்பு வரக்கூடும். மருத்துவரிடம் கேட்டால், அந்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்புவது பொறுப்பற்ற செயல் என்பார். இந்த இழுபறியில் உங்களுக்கு உதவுவது, ஏன் உள்நோயாளியாகவே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது என்று மருத்துவர் எழுதிய விளக்கமும், கொடுத்த மருந்துகளின் பதிவும்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தக் காரணம் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு வேறு முகம். மெடிகேர் நோயாளி இரண்டு இரவு வார்டில் படுத்திருந்தாலும், கோப்பில் ‘கண்காணிப்பு’ என்று இருந்தால் அவர் வெளிநோயாளிதான். கட்டண விதியே மாறிவிடும். அதற்குப் பிறகு பராமரிப்பு இல்லத்தில் தங்க வேண்டிவந்தால், அதற்கான காப்புக்கு மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்ற விதியில் கண்காணிப்பு நாட்கள் சேராது. ‘நான் இப்போது உள்நோயாளியா, கண்காணிப்பிலா?’ என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அவசரம் எப்போது முடிகிறது?

நோயாளியின் நிலை சீராகி, ஆபத்தில்லாமல் வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவர் சொல்லும் கட்டம் வரை. அதற்குப் பிறகு முன்அனுமதி, நெட்வொர்க் எல்லாம் மறுபடி பேச்சுக்கு வரும். நெட்வொர்க் மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லி நிறுவனம் கேட்கலாம். நோ சர்ப்ரைசஸ் சட்டத்திலும், நிலை சீரான பிறகு கூடுதல் கட்டணத்துக்கு நோயாளி எழுத்தில் சம்மதித்தால் சட்டப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததாக ஆகும். ஆகவே மூன்றாம் நாள் யாராவது ஒரு படிவத்தை நீட்டி இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றால், அது எதற்கான படிவம் என்று படிக்காமல் போடாதீர்கள். முதல் நாள் காட்டிய அவசரத்தை அந்தக் காகிதத்துக்குக் காட்டத் தேவையில்லை.

ஆம்புலன்ஸ் தனிக்கணக்கு. பல பாலிசிகளில் அதற்கு ஒரு சிறு தொகைதான் உச்சவரம்பு. மேலே சொன்ன நோ சர்ப்ரைசஸ் சட்டம்கூட விமான ஆம்புலன்ஸை உள்ளடக்கிவிட்டு, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை வெளியே விட்டுவிட்டது. அதிகம் பேர் ஏறுவது எது என்று யோசித்தால் இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும்போது நேர்ந்தால், சொந்த நாட்டுப் பாலிசி அங்கே செல்லாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அரசு சுகாதாரக் காப்பு உள்ளவர்களுக்கு ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தற்காலிகமாகப் போன உறுப்பு நாட்டில், உள்ளூர்க்காரர்கள் பெறும் அதே நிபந்தனைகளில் அரசு மருத்துவ சேவை கிடைக்கும். தனியார் மருத்துவமனைச் செலவோ, சொந்த நாட்டுக்குத் திருப்பி அழைத்துவரும் செலவோ அதில் வராது. பயணக் காப்பீடு எடுக்கும்போது பார்க்க வேண்டியதும் இந்தக் கடைசி விஷயத்தைத்தான். நோயாளியை விமானத்தில் கொண்டுவரும் செலவுக்குக் காப்பு உண்டா, அதை முடிவு செய்வது யார்? பெரும்பாலும் நிறுவனத்தின் உதவி மையம் ஏற்பாடு செய்தால்தான் பணம் தருவார்கள், நீங்களாகவே ஏற்பாடு செய்துவிட்டுக் கேட்டால் தராமல் போகலாம்.

மறுத்துவிட்டால்

வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பை ஏற்காதீர்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த விதியைப் பாலிசிப் புத்தகத்தில் தேடி முழுதாகப் படியுங்கள். விலக்குக்கு உள்ளேயே விதிவிலக்கு இருக்கும், ‘விபத்து நீங்கலாக’ என்பதுபோல. மறுப்புக் கடிதத்தில் அந்தப் பாதி காணாமல் போயிருக்கலாம். இந்தியாவில் 60 மாதம் தொடர்ந்து பாலிசி வைத்திருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, பழைய நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் மறுக்க முடியாது என்ற விதியும் இருக்கிறது. ஐந்து வருடம் தாண்டியவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் முறையீடு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இந்தியாவில் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, நிறுவனம் மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அமெரிக்காவில் நிறுவனத்தின் உள் முறையீடு முடிந்ததும் நிறுவனத்தைச் சாராதவர்கள் செய்யும் வெளி மறுபரிசீலனையைக் கேட்கலாம். அதற்குக் கெடு நான்கு மாதம். தாமதித்தால் உடலுக்கு ஆபத்து என்ற நிலையில் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் முடிவு தர வேண்டும்.

முறையீட்டோடு சேர்க்க வேண்டியவை: அவசரப் பிரிவின் முதல் குறிப்பு, ஆம்புலன்ஸ் பதிவு இருந்தால் அது, அன்றைய பரிசோதனை முடிவுகள், அந்த நேரத்தில் ஏன் காத்திருக்க முடியவில்லை என்று மருத்துவர் எழுதிய கடிதம். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தானாகவே தந்துவிடுவார்கள். கேஸ் ஷீட்டின் நகலைத்தான் கேட்டு வாங்க வேண்டும்; மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும்.